சனிக்கிழமைத் தேங்காய்

சுவிசில் வில் என்ற ஊரின் ரயில் நிலையத்தில், மூன்றாவது மேடையில் நின்றபடி தம்பித்துரை தேங்காயைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்க்கிறார். வலது காதில் ஒருமுறை, இடது காதில் ஒருமுறை. உள்ளே தண்ணீர் களக் களக் என்கிறது. முகத்தில் ஒரு திருப்தி. குடுமியை நீவி நேராக்கி, தேங்காயை வெள்ளைத் துவாயில் சுற்றித் தோள்பைக்குள் இருத்துகிறார். பையின் வாயை மட்டும் மூடமாட்டார். தேங்காய்க்கு மூச்சு முட்டுமாம்.

பக்கத்தில் நிற்கும் சுவிஸ்காரர்கள் இதைப் பார்த்தும் பாராதவர்களாக நிற்பார்கள். அது அந்த நாட்டு மரியாதை. நம்மவர் யாராவது மேடையில் அகப்பட்டால்தான் தொல்லை. "என்ன அண்ணை, கோயிலுக்கோ?" என்று கேட்பார்கள். "இல்லை, படத்துக்கு" என்பார் தம்பித்துரை. கேட்டவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அடுத்த பெட்டியில் ஏறிக்கொள்வார்.

ஐம்பத்தாறு வயது. ஒடிசலான உடம்பு, அடர்ந்த மீசை, எதற்கும் அசையாத முகம். வில்லில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் மூடி மடிக்கும் மெஷினுக்குப் பொறுப்பு. நாள் முழுவதும் ஆயிரக்கணக்கான பெட்டிகளை மூடுகிற அந்த மனிதர், வீட்டில் ஒரு சீனிப் போத்தலைக்கூட மூடி வைப்பதில்லை. மின்தூக்கியில் ஏறமாட்டார். ரயிலில் உட்காரமாட்டார். மல்லாந்து படுக்கமாட்டார். பல் வைத்தியரிடம் போனால், "கதிரையைச் சரிக்காமல் பாருங்கோ" என்று அடம்பிடித்து, வைத்தியர் குனிந்து குனிந்து முதுகு பிடித்துக்கொண்ட கதை அந்த ஊரில் பிரசித்தம். அவர் சோபாவில் சாய்ந்திருக்கும்போது மனைவி சிவகலா அடுப்படியில் ஏதாவது பாட்டு முணுமுணுத்தால் போதும், சுடுதண்ணீர் பட்டவர் மாதிரி எழும்பி உட்கார்ந்துவிடுவார். "படுத்திருக்கேக்க பாடாதை எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

இத்தனைக்கும் அசையாமல் கிடப்பதுதான் கடவுள் அவருக்குக் கொடுத்த ஒரே வித்தை. எண்பத்தொன்பதில் இத்தாலியில் இருந்து சுவிசுக்கு ஓடு ஏற்றிவந்த லொறிக்குள் ஒளிந்து பதினான்கு பேர். எல்லையில் ஐந்து மணித்தியாலம் மறித்து வைத்தார்கள். சுங்கத்து நாய் ஓட்டு அடுக்கின் இடைவெளியில் மூக்கை நுழைத்து, தம்பித்துரையின் காதை நக்கிப் பார்த்து, இது உயிரில்லாத பொருள் என்று தீர்மானித்துக்கொண்டு இறங்கிப் போனது. நாய் காதை நக்கியதா கன்னத்தை நக்கியதா என்பதில் வருடத்துக்கு வருடம் வித்தியாசம் உண்டு. அவர் அசையாமல் கிடந்ததில் வித்தியாசம் இல்லை.

அந்த வித்தைதான் அவரை வினையில் மாட்டியது.

2011 இலையுதிர் காலம். வில்லுக்கு வெளியே மூடிக் கிடந்த பழைய நூல் ஆலைக்கு ஸ்பெயினில் இருந்து ஒரு படக்கூட்டம் வந்து இறங்கியது. அறுபதுகளில் ஸ்பெயினில் இருந்து சுவிசுக்குக் கூலிக்கு வந்து, பலகைக் கொட்டில்களில் கிடந்து மாய்ந்தவர்களின் கதை. ஸ்பானிய மொழிப் படம், அதிலும் பாட்டுப் படம். வேலை கிடைத்தாலும் பாடுவார்கள், வேலை போனாலும் பாடுவார்கள். "மெஷினுக்குள்ள கை மாட்டினாலும் முதல் பாடி முடிச்சுப்போட்டுத்தான் கையை எடுக்கிறாங்கள்" என்று தம்பித்துரை விளக்குவார். படத்தின் உண்மைப் பெயரை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. அவருக்கு அது "என்ர செத்தவீட்டுப் படம்."

கூட்டத்தில் நிற்க உள்ளூர் ஆட்கள் தேவை என்றதும் தொழிற்சாலையில் இருந்து தம்பித்துரையும் கூட வேலை செய்யும் இரவீந்திரனும் போனார்கள். படத்தில் ராமோன் என்றொரு தொழிலாளி மெஷினில் அடிபட்டுச் சாகிறான். அவனுடைய தாய் ஸ்பெயினில் இருந்து ரயிலேறி வந்து சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று பாடுகிறாள். பிணமாகப் படுக்க ஒரு நடிகனைக் கூட்டிவந்திருந்தார்கள். அவனுக்குப் பழைய ஆலையின் பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை. தாய் பாடத் தொடங்கினால் பிணம் தும்மியது. நாலு தரம் தும்மிய பிறகு, இயக்குநராக இருந்த பெண் சுற்றிப் பார்த்தாள். சுவரோரம் மூன்று மணி நேரமாக இமை தட்டாமல் நின்ற தம்பித்துரை கண்ணில் பட்டார்.

"இந்த ஆள் ஸ்பானியன் மாதிரி இல்லையே" என்று யாரோ இழுத்தார்கள்.

"செத்தவன் எந்த ஊர்க்காரன் மாதிரியும் இருக்கலாம்" என்றாளாம் அவள்.

பெட்டி நிஜப் பெட்டி. உள்ளே வெள்ளைப் பட்டு. தம்பித்துரையைப் படுக்கவைத்து, நெஞ்சு முதல் கால் வரை வெள்ளைத் துணியால் மூடினார்கள். கமரா மேலே அவர் முகத்தில் தொடங்கி, பாட்டு முடியும் நேரம் கால்மாட்டுக்கு இறங்கும். ஒவ்வொரு தடவையும் தொடங்குமுன் ஒரு உதவிக்காரி வந்து "நூட் ஷ்னூஃபே!" என்று அதட்டுவாள், மூச்சு விடாதே என்று. அவர் விடவில்லை. தாயாக நடித்தவளுக்கு எண்பத்துநான்கு வயது. குரல் மட்டும் உலையில் பழுத்த இரும்பு. நாலரை நிமிடம் பாடினாள்; பன்னிரண்டு பெண்கள் பின்பாட்டுப் பாடி நெஞ்சில் தட்டினார்கள். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் மூச்சு அறும், எந்த இடத்தில் அடுத்தவள் பிடித்துக்கொள்வாள் என்பது தெரிந்திருந்தது. எங்கட ஆக்கள் செத்தவீட்டில் ஒப்பாரி வைத்துக் குழறுவது போலத்தான் என்பார். கடைசியில் மூடி இறங்கும். இருட்டு. வெளியே பாட்டு தொடரும்.

பதினொரு தரம் மூடி இறங்கியது. பதினோராவது தரம் முடிந்து மூடியைத் திறந்தபோது, கிழவி குறும்பாகக் குனிந்து அவருடைய மீசையில் ஊதினாள். சிரிப்பார் என்று எதிர்பார்த்திருப்பாள். தம்பித்துரை அசையவில்லை. கிழவி முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போய்விட்டது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

அன்று சனிக்கிழமை.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் இரவீந்திரன்தான் முதலில் வாயைத் திறந்தான். "மச்சான், சனிக்கிழமை பெட்டிக்குள்ள போனியெல்லோ, கூட ஒரு தேங்காய் வைச்சவங்களோ?"

சாப்பாட்டுக் கூடமே சிரித்தது. சனிக்கிழமை போகிற பிரேதம் துணை தேடும் என்பது யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் தெரிந்த பயம். அதனால் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புவார்கள். குஞ்சுக்கு மனம் வராதவர்கள் தேங்காய் ஒன்றைக் கட்டிவிடுவார்கள். போகிறவர் அதைத் துணையாகக் கொண்டு போய்விடுவார், வீட்டில் இருக்கும் மற்றவர்களை விட்டுவிடுவார். ஸ்பெயின்காரர் தேங்காய்க்கு எங்கே போவார்கள்?

தம்பித்துரையும் சேர்ந்துதான் சிரித்தார். பத்தொன்பதாம் நாள் செய்தி வந்தது. தாயாக நடித்த கிழவி ஊருக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில் சாய்ந்தவள் எழும்பவில்லை.

"எண்பத்துநாலு வயது! பிறகென்ன, பள்ளிக்கூடம் போகப்போறாவோ?" என்றாள் சிவகலா. அவள் வேலை செய்வது ஒரு வயோதிபர் இல்லத்தின் சலவைப் பகுதியில். சாவு அவளுக்குப் படுக்கை விரிப்பு மாற்றுகிற விஷயம். "எங்கட இடத்தில கிழமைக்கு ரெண்டு பேர் போகினம். சனியும் போகினம், செவ்வாயும் போகினம். ஒருத்தரும் பக்கத்துக் கட்டில்காரரைக் கையில பிடிச்சுக்கொண்டு போகேல்லை."

அடுத்த வருடம் மாசி மாதம், ஒரு சனிக்கிழமை, வில்லில் படம் காட்டினார்கள். சிவகலா வரமாட்டேன் என்றுவிட்டாள். உயிரோடு இருக்கிற புருசனைப் பெட்டிக்குள் பார்க்கத் தனக்கு விசரில்லை என்றாள். நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியுமாக அதை உட்கார்ந்து பார்ப்பதாவது! இரவீந்திரன்தான் கூடப் போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். மூடி இறங்கும்போது அவருடைய தொடையில் தட்டி, "நல்ல பிணமடா நீ" என்று காதோடு சொன்னான். ஒன்பதாம் நாள் காலை, வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்த இரவீந்திரன் சவளில் சாய்ந்தபடி நின்றுவிட்டான். நின்ற மாதிரியே இருந்தானாம். தோளைத் தொட்டபோதுதான் விழுந்தான்.

"பிறஷர். அதோட நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட்" என்றாள் சிவகலா. ஆனால் இந்தத் தடவை பள்ளிக்கூடப் பகிடி விடவில்லை.

அன்றைக்குக் கையில் பிடித்த தேங்காய்தான்; படம் ஓடுகிற ஒவ்வொரு சனியும் திரும்பப் பெட்டிக்குள் போகிறவனுக்கு ஒரு துணை வேண்டுமே.

படம் பெரிதாக ஓடவில்லை. ஓடியிருந்தால்கூட ஒரு மாதத்தோடு போயிருக்கும். ஆனால் சுவிசில் இருக்கும் ஸ்பானியச் சங்கங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. தங்கள் தாய் தகப்பன் பட்ட பாடு என்று அழுதழுது பார்த்தார்கள். மாதா கோயில் மண்டபங்களிலும் சின்னத் தியேட்டர்களிலும் வருடத்தில் இரண்டு மூன்று தரம் காட்டுவார்கள். வேலைக்காரச் சனம், அவர்களுக்கு எது ஓய்வு நாள்? சனிக்கிழமை.

இப்படித்தான் தம்பித்துரையின் பயணங்கள் தொடங்கின. சங்கங்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, எங்கே எப்போது காட்டினாலும் தனக்கு அறிவிக்கும்படி கேட்டு வைத்தார். அவர்களுக்குப் பெருமை. பிணமாக நடித்தவரே வருகிறாரே! தேங்காய் வாங்குவது ஸ்ரீஸ்கந்தராஜாவின் கடையில். சுவிஸ் பெருங்கடைகளில் தேங்காயைக் குடுமி மழித்து மொட்டையாக்கித்தான் வைத்திருப்பார்கள், அது தேங்காய்க் கணக்கில் சேராது. ஸ்ரீஸ்கந்தராஜா மேசைக்குக் கீழே குடுமியோடு ஒன்று எடுத்து வைத்திருப்பார். தம்பித்துரை உள்ளே வந்ததும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணை, கறிக்கோ, படத்துக்கோ?"

மண்டபத்தில் அவருக்கு மூன்றாம் வரிசை, ஓர இருக்கை. தேங்காய் மடியில், மூன்று கண்ணும் திரையைப் பார்த்தபடி. ஸ்பானியக் கிழவிகள் அவரைக் கண்டதும் "எல் முயெர்த்தோ! எல் முயெர்த்தோ!" என்று பரபரப்பார்கள். செத்தவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். ஒவ்வொருத்தியாக வந்து கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பாள். சூடு இருக்கிறதா என்று பார்ப்பது போலத்தான் இருக்கும். மடியில் இருக்கும் தேங்காயைப் பற்றி ஒருத்தியும் கேட்டதில்லை. செத்தவீட்டுக்கு ஒவ்வொருவர் ஒவ்வொன்று கொண்டுவருவார்கள் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

இனிச் சொல்லப்போவதை நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. மண்டபத்துக்குள் போகும்போது களக் களக் என்ற தேங்காய், திரும்பி வரும்போது சத்தம் போடுவதில்லை. எத்தனை ஆட்டு ஆட்டினாலும் இல்லை. கண் மூன்றும் மூடித்தான் இருக்கும், ஓட்டில் ஒரு கீறல் இருக்காது. தண்ணீர் மட்டும் போய்விட்டிருக்கும். மூன்றாவது தேங்காயின்போது தம்பித்துரை இன்னொன்றும் கவனித்தார். திரையில், பெட்டிக்குள், அவருடைய கால்மாட்டில் வெள்ளைத் துணி ஓரிடத்தில் உருண்டையாகப் புடைத்திருந்தது. படம் எடுத்தபோது அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அவருடைய கால் அல்லவா, அவருக்குத் தெரியாதா? முதல் தடவை வில்லில் பார்த்தபோதும் துணி தட்டையாகத்தான் கிடந்தது.

"அது துணி மடிப்பு" என்றாள் சிவகலா.

"மடிப்புக்குக் குடுமி இருக்குமே?" என்றார் அவர்.

படம் பார்த்த தேங்காயை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. எந்த ஊரோ அந்த ஊர் ஆற்றில் விடவேண்டும். ஒரு கோடையில் ஓல்டன் பாலத்தில் இருந்து விட்டபோது, ஆரே ஆற்றில் நீந்திக்கொண்டிருந்த சுவிஸ்காரர் ஒருவர் அதைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்து, சொட்டச் சொட்ட நின்று, "இது உங்களுடையது, விழுந்துவிட்டது" என்று கையில் கொடுத்தார். ஆற்றில் குப்பை போடக் கூடாது என்று ஒரு புத்திமதியும் சொன்னார். தம்பித்துரை நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, அடுத்த பாலம் வரை நடந்து, ஆளில்லாத நேரம் பார்த்துத் திரும்ப விட்டார். அது உடனே போய்விடவில்லையாம். கொஞ்ச நேரம் ஓட்டத்துக்கு எதிராக ஒரே இடத்தில் நின்று, மூன்று கண்ணாலும் அவரைப் பார்த்துவிட்டுத்தான் போனதாம்.

ஒரே ஒரு தடவை தவறியது. லுகானோவில் காட்டினார்கள். பனி கொட்டி, மலைப் பாதையில் ரயில் நாலு மணி நேரம் நின்றுவிட்டது. தேங்காயும் அவரும் பெட்டிக்குள் இருக்க, படம் அங்கே தனியாக ஓடி முடிந்தது. பதினோராம் நாள் கனடாவில் இருந்த அவருடைய சொந்த அண்ணன் போய்விட்டார். கிட்னிக்காரர்தான், மூன்று வருடமாக மெஷினில் இரத்தம் சுத்தம் செய்தவர்தான். சிவகலா அதையும் சொல்லிப் பார்த்தாள். தம்பித்துரைக்கு ஒன்று மட்டும் உறுதியானது: துணை தேடுகிறவனுக்குத் தூரம் ஒரு கணக்கில்லை. கடல் கடந்தும் வந்து, கிட்டின உறவாகப் பார்த்து எடுத்துக்கொள்வான்.

அப்படியிருக்கையில்தான் 2019 ஆனி மாதம் வந்தது.

ஓல்டனில் இருக்கும் மகள் யாதவி தொலைபேசி எடுத்தாள். வில்லில் பிறந்து வளர்ந்து, ஜதுஷனைக் கலியாணம் முடித்துப் போனவள், மருந்துக்கடையில் வேலை. வயிற்றில் எட்டு மாதம், தலைப்பிள்ளை. "அப்பா, வாற சனி ரெண்டு மணிக்கு இஞ்ச உங்கட படம் போடுகினம். நானும் ஜதுஷனும் டிக்கெட் எடுத்திட்டம்."

"நீ பாக்கத் தேவையில்லை பிள்ளை. இந்த நிலைமையில..."

"எந்த நிலைமை? உயிரோட இருக்கிறீங்கள் எண்டு எனக்குத் தெரியும்தானே. இடைவேளையில நாடி பிடிச்சுப் பாக்கிறன், காணுமோ?"

அவளைத் தடுக்க முடியாது. பரவாயில்லை, தேங்காயோடு பக்கத்தில் உட்காரலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அடுத்த நாள் தபாலில் ஜெனீவா ஸ்பானியச் சங்கத்தின் அழைப்பு. அதே சனி. அதே இரண்டு மணி. எல் முயெர்த்தோவுக்கு முன் வரிசையில் கதிரை போட்டிருப்பதாக எழுதியிருந்தார்கள்.

இரண்டு ஊரில், ஒரே நேரத்தில், இரண்டு மூடி இறங்கப்போகிறது.

ஜெனீவாவுக்குத் தொலைபேசி எடுத்து நாளை மாற்றச் சொன்னார். அவர்கள் பிரெஞ்சில் சிரித்து, குடும்பத்தையும் கூட்டி வாருங்கள் என்றார்கள். ஓல்டன் மண்டபத்துக்கு எடுத்தார். டிக்கெட் எல்லாம் போய்விட்டது என்றார்கள். மூன்று இரவு உட்கார்ந்தபடியே தூங்கினார். நாலாம் நாள் சாப்பாட்டு மேசையில் மெல்லத் தொடங்கினார்.

"இஞ்சேர், ஒருக்கா ஜெனீவாவுக்குப் போயிட்டு வாவன்."

"ஏன்? ஐ.நா. முன்றலில நிண்டு கத்தவோ?"

"படத்துக்கு."

சிவகலா கறிச் சட்டியை டக்கென்று வைத்தாள். "ஏழு வருசமா உங்கட விசருக்கு நான் குறுக்க நிண்டதில்லை. சனிக்கிழமை எண்டால் மற்றப் பெண்டுகளின்ர மனிசன்மார் கோயிலுக்கு வருகினம், கடைக்கு வருகினம். என்ர மனிசன் தேங்காயோட படத்துக்குப் போறார். ஆரிட்டையும் சொல்லேலுமே இதை? இப்ப என்னையும் அனுப்பப் போறீங்கள்."

"நீ பாக்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டிரு. தேங்காய் பாத்தால் காணும்."

"அப்ப தேங்காயைத் தனிய அனுப்புங்கோ. ரயிலில சின்னப்பிள்ளைக்கு அரை டிக்கெட்."

"பகிடி விடாதை. பிள்ளை வயித்தோட இருக்கிறாள்."

அவள் சட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கழுவத் தொடங்கினாள். கழுவின சட்டியைத் திரும்பவும் கழுவினாள்.

சனிக்கிழமை காலை. ஸ்ரீஸ்கந்தராஜாவிடம் தம்பித்துரை இரண்டு தேங்காய் வாங்கி வைத்திருந்தார், கடைசி நேரத்தில் அவள் மனம் மாறினால் என்று. குளித்துவிட்டு வந்தவருக்கு அடுப்படியில் கர் கர் என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். சிவகலா திருவலையில் குந்தியிருந்து, இரண்டு தேங்காயில் ஒன்றைத் திருவிக்கொண்டிருந்தாள். குடுமி வெட்டுப் பலகையில் கிடந்தது.

"சம்பலுக்கு" என்றாள், தலை நிமிராமல்.

மிஞ்சின ஒன்றைத் துவாயில் சுற்றிக்கொண்டு, தம்பித்துரை இறங்கினார். எந்த ஊரைக் காப்பது என்பதில் அவருக்கு யோசனை இல்லை. பிள்ளை இருக்கும் ஊர். ஆனால் ஜெனீவாவில் துணையில்லாமல் எழும்புகிறவன் கிட்டின உறவைத் தேடி வந்தால் எந்த வாசலுக்கு வருவான்? உலகத்துக்கு இன்னும் வராத ஒன்று, உறவிலே புதிசு, எல்லாரையும்விடக் கிட்டின உறவு. ரயில் வின்ரர்தூர், சூரிச் என்று தாண்டும்வரை கம்பியைப் பிடித்தபடி நின்றார். பைக்குள் களக் களக் கேட்டுக்கொண்டே வந்தது.

ஓல்டன் மண்டபத்தில் யாதவி நடுவில், ஒரு பக்கம் ஜதுஷன், மறு பக்கம் தகப்பன். அவள் வயிறும் அவர் மடியில் தேங்காயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"மாமா, கனம் எண்டால் நான் வைச்சிருக்கவோ?" என்றான் ஜதுஷன். நல்ல மருமகன், எதையும் கேள்வி கேட்காமல் உதவிக்கு வருகிறவன்.

"வேண்டாம் தம்பி. நீர் இவளைப் பாரும்."

படம் தொடங்கியது. முதல் ஒரு மணி நேரம் யாதவி சிரித்துக்கொண்டிருந்தாள். பாட்டுக்குப் பாட்டு பிள்ளை வயிற்றில் உதைத்தது. "உங்கட பேரன் டான்ஸ் ஆடுறான் அப்பா" என்று அவர் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். ராமோன் மெஷினில் அகப்பட்டான். கொட்டிலுக்குள் பெட்டி வந்தது. மூடி திறந்து கிடந்தது. உள்ளே தகப்பனின் முகத்தைக் கண்டதும் யாதவியின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். ஏழு வருடத்துக்கு முன் செத்துப்போன கிழவி வாயைத் திறந்து பாடத் தொடங்கினாள்.

மண்டபத்தில் நனைந்த பஞ்சின் வாசம் வந்தது. தம்பித்துரைக்கு மட்டும் வந்ததோ என்னவோ. பன்னிரண்டு பெண்களும் நெஞ்சில் தட்டினார்கள். அவருடைய உள்ளங்கைக்குக் கீழே வயிறு அசையவில்லை.

"அப்பா" என்றாள் யாதவி மெதுவாக. "இவன் ஏன் பேசாமல் இருக்கிறான்?"

அவர் கையை எடுக்கவில்லை. லொறிக்குள் கிடந்த கிடை அவருக்குத் தெரியும். அந்தக் கிடைதான் கைக்குக் கீழே இருந்தது. மூச்சு விடாமல், ஒரு நாய் முகர்ந்து பார்க்கிற நேரம் வரைக்கும் கிடக்கிற கிடை. நாலரை நிமிடப் பாட்டில் மூன்று நிமிடம் போய்விட்டது. மறு கையால் தேங்காயைத் திரைக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். திரையில் கமரா கால்மாட்டுக்கு இறங்கியது. வெள்ளைத் துணியின் கீழே வழக்கமான உருண்டை இருந்தது. மூடி இறங்கத் தொடங்கியது. மூடியின் நிழல் துணியின் மேல் ஊர்ந்தபோதுதான் அவர் கண்டார். ஒன்றில்லை. இடது காலடியில் ஒன்று, வலது காலடியில் ஒன்று. இரண்டு உருண்டை, இரண்டு குடுமி.

மூடி விழுந்தது. அவருடைய உள்ளங்கையில் பலமாக ஓர் உதை விழுந்தது.

"அம்மாடி!" என்று யாதவி நெளிந்து, பிறகு சிரித்தாள். ஜதுஷன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். தம்பித்துரை திரையைப் பார்த்தபடியே இருந்தார். அதன் பிறகு படத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

மகளை வீட்டில் விட்டு, தேங்காயை ஆரே ஆற்றில் விட்டு, ஆறரை மணிக்கு நிலையத்துக்கு வந்தார். வெயில் இன்னும் தண்டவாளத்தில் கிடந்தது. ஜெனீவாப் பக்கமிருந்து வந்து வில்லுக்குப் போகும் ரயில் மேடையில் நின்றது. அவருக்கு நேரே கதவு திறந்தது. படியில் சிவகலா நின்றாள். கோயிலுக்குக் கட்டும் நீலச் சேலை. நெற்றியில் குங்குமம், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக. கையில் ஏதோ ஒரு ஜெனீவாத் தமிழ்க் கடையின் பை.

"ஏறுங்கோ, கதவு பூட்டப்போகுது."

ஏறினார். அவர் ரயிலில் உட்காருவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஓல்டன் கூரைகள் பின்னால் போயின. 

"நல்லாத்தான் கிடந்தனீங்கள்" என்றாள் சிவகலா கடைசியில், வெளியே பார்த்தபடி. குரல் வழக்கமான குரல் இல்லை. "ஒரு அசைவும் இல்லை."

"கண்ணை மூடிக்கொண்டிருக்கச் சொன்னனான் எல்லோ."

"மூடினால் நீங்கள் எழும்புறியளோ இல்லையோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் தலையைக் குனித்துக்கொண்டார். சிவகலா பையைத் திறந்து, அதற்குள் இருந்த தேங்காயைக் குடுமியோடு வெளியே எடுத்தாள். தன் காதில் வைத்து ஆட்டினாள். முகத்தைச் சுருக்கிக்கொண்டு மற்றக் காதில் வைத்து ஆட்டினாள். "வாங்கேக்க சத்தம் கேட்டது" என்றாள். பிறகு, எதிரே உட்கார்ந்திருந்த சுவிஸ்காரர் எல்லாரும் பார்த்தும் பாராமல் இருக்க, எட்டி அதைத் தம்பித்துரையின் காதோடு வைத்து, அவர் முகத்தையே பார்த்தபடி, மெல்ல மெல்ல ஆட்டினாள்.